காற்றின் தூய்மையும் வரிச் சலுகையும்: உள்ளாட்சி மன்றங்களின் பங்கு

உணவின்றிச் சில வாரங்கள் உயிர் வாழலாம். நீரின்றிச் சில நாட்கள் தாங்கலாம். காற்றின்றிச் சில நிமிடங்களும் இருத்தல் இயலாது. இறைவன் மாந்தர்க்கு விலையின்றி வழங்கிய அருட்கொடைகளுள் காற்றே தலையாயது. விலையில்லாப் பொருளாக இருப்பதனாலேயே அதனைக் கெடுப்போரும் விலை கொடுப்பதில்லை. செங்கற்சூளை நடத்துபவர் மண்ணுக்குக் கணக்கு வைக்கிறார். விறகுக்கும் கூலிக்கும் கணக்கு வைக்கிறார். புகைக்குக் கணக்கு வைப்பதில்லை. அந்தக் கணக்கைத் தீர்ப்பவர் காற்று வீசும் திசையில் குடியிருப்பவர். அவர் இருமலாலும் மருத்துவச் செலவாலும் அதனைத் தீர்க்கிறார். காற்று மாசினால் ஆண்டுதோறும் உலகில் ஏறத்தாழ 70 இலட்சம் பேர் அகால மரணம் அடைவதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது.

இக்கேட்டினைக் குறைக்கத் தண்டனைச் சட்டங்கள் உள்ளன. காற்று மாசு தடுப்புச் சட்டம் 1981-இல் இயற்றப்பட்டது. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1982-இல் அமைந்தது. எனினும், தடியை மட்டும் நம்பி ஆட்சி நடத்துதல் எளிதன்று. தூய்மையைத் தேடுவோர்க்கு வரியில் சலுகை தந்து ஊக்குவிக்கும் வழியும் உண்டு. அவ்வழியில் நகராட்சியும் ஊராட்சியும் எவ்வாறு துணை நிற்கக்கூடும் என்பதை, மதுரை மாநகரையும் அதனை அடுத்த மேலூர் வட்டத்துத் திருவாதவூரையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரையில் ஆராய்வோம். மாணிக்கவாசகர் அவதரித்த ஊர் திருவாதவூர். புலவர் கபிலரின் ஊரும் அதுவே என்பது மரபு. ஓவாமலைக் குகையில் தமிழி எழுத்துக் கல்வெட்டுகளைக் கொண்ட தொன்மையும் அதற்கு உண்டு. பாண்டியனின் கருவூலப் பொருளைக் கையாண்ட அமைச்சர் ஒருவர் பிறந்த மண்ணில் நின்று வரியைப் பற்றி எண்ணுவது பொருத்தமுடையதேயாம்.

வரி என்னும் கருவி

வரி என்றவுடன் கருவூலத்தை நிரப்பும் வழி என்றே நாம் எண்ணுகிறோம். மாந்தரின் நடத்தையைத் திருப்பும் ஆற்றலும் அதற்கு உண்டு. ஒருவர் தம் தொழிலால் பிறர்க்கு விளைவிக்கும் கேட்டினை வரியாக அவர்மீதே சுமத்தினால், அக்கேட்டைக் குறைக்க அவரே முனைவார் என்பது ஆங்கிலப் பொருளியல் அறிஞர் பிகு 1920-இல் வெளியிட்ட நூலில் விளக்கிய கருத்து. இதன் மறுபக்கமே சலுகை. கேடு செய்வோர்மீது வரியைக் கூட்டலாம். கேட்டைக் குறைப்போர்க்கு வரியைக் கழிக்கலாம். இரண்டும் ஒரே தராசின் இரு தட்டுகள்.

இக்கருத்து மேலை நாட்டுக்கு மட்டுமே உரியதன்று. பாண்டியன் அறிவுடை நம்பிக்கு வரி வாங்கும் நெறியை எடுத்துரைத்த பிசிராந்தையார், விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாக்கி ஊட்டுவதையும், யானையே வயலில் புகுந்து உண்பதையும் ஒப்பிட்டுக் காட்டியதை நாம் அறிவோம். வரியின் அளவைவிட அதனை வாங்கும் முறையே நாட்டை வாழ்விக்கும் அல்லது வீழ்த்தும் என்பதே அவர் கருத்து. இசுலாமிய நெறியில் விளைபொருள்மீதான உஷ்ர் என்னும் கடமையும் எண்ணத்தக்கது. மழைநீரால் தானே விளையும் பயிரில் பத்தில் ஒரு பங்கும், உழைத்து நீர் இறைத்து விளைவிக்கும் பயிரில் இருபதில் ஒரு பங்கும் கொடுக்க வேண்டும் என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் வகுத்தருளினார்கள். உழைப்பும் செலவும் ஏற்பவர்க்குச் சுமை பாதியாகிறது. காற்றைத் தூய்மையாக்கச் செலவு செய்பவர்க்கு வரி குறைய வேண்டும் என்பதும் இத்தகைய நீதியின்பாற்பட்டதே.

இன்றுள்ள சலுகைகள்

நம் நாட்டில் இந்நெறி பல உருவங்களில் நடைமுறைக்கு வந்துள்ளது. 2010-இல் நிலக்கரி மீது டன்னுக்கு 50 ரூபாய் தூய எரிசக்தித் தீர்வை விதிக்கப்பட்டது. அது 2016-இல் 400 ரூபாயாக உயர்ந்தது. சரக்கு சேவை வரி வந்தபின் ஈட்டுத் தீர்வையாக மாறி, 2025 செப்டம்பரில் நீக்கப்பட்டது. அப்போது நிலக்கரி மீதான சரக்கு சேவை வரி 5 விழுக்காட்டிலிருந்து 18 ஆக உயர்த்தப்பட்டது. மின் ஊர்திகளுக்கான சரக்கு சேவை வரியோ 2019 ஆகஸ்டு முதல் நாளன்று 12 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைக்கப்பட்டது. புகையையும் தூசியையும் வடிகட்டும் கருவிகளை நிறுவும் ஆலைகளுக்கு வருமான வரிக் கணக்கில் விரைவுத் தேய்மானக் கழிவு உண்டு. முன்னர் முதல் ஆண்டிலேயே முழுத்தொகையையும் கழிக்க இடம் இருந்தது. 2017 ஏப்ரல் முதல் அது ஆண்டுக்கு 40 விழுக்காடு என வரையறுக்கப்பட்டது.

தமிழ்நாட்டில் பழைய ஊர்திகள்மீது 2003 முதல் பசுமை வரி வாங்கப்பட்டு வருகிறது. 2019-ஆம் ஆண்டின் மின் ஊர்திக் கொள்கை, மின் ஊர்திகளுக்கு மோட்டார் வாகன வரியிலிருந்து முழு விலக்கு அளிக்க வழிசெய்தது. 2023-இல் வந்த கொள்கை அவ்விலக்கை 2025 இறுதி வரை நீட்டித்தது. பழைய ஊர்தியை முறைப்படி உடைத்துப் புதியது வாங்குவோர்க்குச் சாலை வரியில் 25 விழுக்காடு வரை கழிவு தரலாம் என ஒன்றிய அரசு 2021-இல் விதி செய்தது.

இவற்றை ஒருசேர நோக்கினால் இரண்டு உண்மைகள் புலப்படும். முதலாவது, இவையனைத்தும் ஒன்றிய அரசும் மாநில அரசும் தந்தவை. ஊரை ஆளும் மன்றத்துக்கு இவற்றில் பங்கில்லை. இரண்டாவது, இவை புதியதை வாங்க வல்லார்க்கும், கணக்குத் தணிக்கை செய்து வருமான வரி செலுத்தும் நிறுவனங்களுக்குமே பெரிதும் பயன்படுகின்றன. பல இலட்சம் ரூபாய் விலையுள்ள மின் மகிழுந்தை வாங்குபவர்க்குச் சாலை வரியில் பெருந்தொகை மிச்சமாகிறது. சாலையோரப் புரோட்டாக் கடையில் விறகடுப்பின் முன்நின்று புகையை விழுங்கும் தொழிலாளிக்கோ, அக்கடையை நடத்தும் சிறு வணிகர்க்கோ அடுப்பை மாற்ற எவ்வித வரிச் சலுகையும் இல்லை. மதுரையில் காளவாசல் என்று ஒரு பகுதி உண்டு. அப்பெயரே சூளையைக் குறிப்பது. நகரம் வளர வளரச் சூளைகள் சுற்றுப்புறச் சமவெளிக்கு நகர்ந்தன. நகரத்து மாடங்களுக்கு வேண்டிய செங்கல் நகரத்துக்குச் செல்கிறது. அதனைச் சுட்ட புகை சிற்றூரில் தங்கிவிடுகிறது.

உள்ளாட்சியின் தகுதி

புகை எழும் இடத்தை டெல்லியும் சென்னையும் கண்ணால் காண்பதில்லை. எந்தச் சூளை எத்தனை நாள் எரிந்தது, எந்தத் தெருவில் குப்பை கொளுத்தப்படுகிறது, எந்த அரிசி ஆலையின் உமிச்சாம்பல் எவ்வீட்டு முற்றத்தில் விழுகிறது என்பனவற்றை அறிந்தவர் ஊராரே. பழைய இசுலாமிய நகரங்களில் முஹ்தஸிப் என்னும் அலுவலர் அங்காடியையும் தெருவையும் கண்காணித்து வந்தார். 12-ஆம் நூற்றாண்டில் சிரியாவில் வாழ்ந்த ஷைஸரீ என்பார் அவ்வலுவலர்க்கென எழுதிய கையேட்டில், ரொட்டி சுடுவோரின் கடைக்கூரை உயரமாக இருத்தலையும், புகை வெளியேற அகன்ற வழி அமைதலையும் உறுதி செய்ய வேண்டும் என்று வகுத்துள்ளார். காற்றின் தூய்மை ஊராட்சியின் அன்றாடக் கடமை என்னும் உணர்வு எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே நிலவியதற்கு இது சான்று.

நம் அரசியல் சட்டமும் இதற்கு வாயில் திறந்தே வைத்துள்ளது. 1992-இல் நிறைவேறிய 74-ஆம் திருத்தம் சேர்த்த பன்னிரண்டாம் அட்டவணையில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நகராட்சிகளுக்குரிய பொருள்களுள் ஒன்று. 73-ஆம் திருத்தம் சேர்த்த பதினோராம் அட்டவணையின் 29 பொருள்களில் சமூகக் காடு வளர்ப்பு, எரிபொருள், மரபுசாரா எரிசக்தி ஆகியவை ஊராட்சிகளுக்குரியவையாகச் சொல்லப்பட்டுள்ளன. 1994-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி கிராம ஊராட்சி வீட்டு வரியும் தொழில் வரியும் வாங்குகிறது. ஆயினும் வரி விகிதமும் விலக்கும் அரசு வகுத்த விதிகளுக்கு உட்பட்டவை. ஊராட்சி தன் விருப்பம்போல் சலுகை அறிவித்துவிட இயலாது.

சலுகை என்பது உள்ளாட்சிக்குப் புதுமையன்று. மதுரை உள்ளிட்ட தமிழ்நாட்டு நகரங்களில் அரையாண்டு தொடங்கிய 30 நாட்களுக்குள் சொத்து வரி செலுத்துவோர்க்கு 5 விழுக்காடு, 5000 ரூபாய்க்கு மேற்படாமல், ஊக்கத்தொகை கழிக்கப்படுகிறது. பூனா மாநகராட்சி, மழைநீர் சேகரிப்பு, சூரிய ஆற்றல், மண்புழு உரம் ஆகியவற்றை வீட்டில் அமைப்போர்க்குச் சொத்து வரியில் 5 முதல் 10 விழுக்காடு வரை தள்ளுபடி வழங்கி வந்துள்ளது. காலத்தே செலுத்துவதற்குக் கழிவு உண்டெனில், காற்றைக் கெடுக்காமல் வாழ்வதற்கும் கழிவு இருத்தல் முறையன்றோ?

தயக்கத்தின் காரணம்

முறையாயினும் உள்ளாட்சிகள் தயங்குகின்றன. அத்தயக்கத்தை அலட்சியம் என்று ஒதுக்கிவிடுதல் தவறு. அதற்குப் பொருளியல் காரணம் உண்டு.

15-ஆவது நிதிக்குழு 2021-26 ஆண்டுகளுக்குப் பத்து இலட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட நகரங்களின் காற்றுத் தூய்மைக்கென ஏறத்தாழ 12,139 கோடி ரூபாயைப் பரிந்துரைத்தது. காற்றில் மாசு குறைந்தால் மானியம் என்பது அதன் நிபந்தனை. மதுரையும் அந்நகரங்களுள் ஒன்று. 2019-இல் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டத்திலும் சென்னை, திருச்சிராப்பள்ளி, தூத்துக்குடி ஆகியவற்றோடு மதுரை இடம்பெற்றுள்ளது. மாநகராட்சியைக் காற்றின் பொருட்டுப் பொறுப்பேற்கச் செய்த நல்ல ஏற்பாடு இது. ஆனால் அதே நிதிக்குழு, சொத்து வரிக்குக் குறைந்த அளவை நிர்ணயித்து வசூலையும் பெருக்கினால்தான் நகரங்களுக்கு மானியம் என்றும் விதித்தது. தமிழ்நாட்டில் 2022 ஏப்ரலில் சொத்து வரி உயர்த்தப்பட்டதற்கு அதுவும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. ஒரு கை காற்றைத் தூய்மையாக்கு என்கிறது. மறு கை வரியைக் குறைக்காதே என்கிறது. இந்நிலையில் எந்த ஆணையர் துணிந்து வரிக்கழிவு தருவார்?

சிற்றூரின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. மதுரைக்குக் கிடைத்த காற்று மானியம் திருவாதவூர்க்கு இல்லை. காற்றை அளக்கும் நிலையங்கள் பெரும்பாலும் நகரங்களிலேயே உள்ளன. மாநகராட்சியின் எல்லைக்கல் மண்ணுக்குத்தான். காற்றுக்கு எல்லைக்கல் இல்லை. நகரத்துக் காற்றுக்கு அளவீடும் மானியமும் இருக்க, அதனோடு கலக்கும் சிற்றூர்க் காற்றுக்கு இரண்டும் இல்லாமை பெருங்குறை. இந்நிலையில் ஊராட்சி தன் சிறு வருவாயிலிருந்து சலுகை தந்தால், அந்த இழப்பு தெருவிளக்கிலும் குடிநீர்க் குழாயிலும் வந்து நிற்கும். காற்று தூய்மையானால் அதன் பயன் சுற்றுவட்டாரம் முழுமைக்கும். இழப்போ ஓர் ஊராட்சிக்கு மட்டும். இந்த ஏற்றத்தாழ்வு நீங்காதவரை உள்ளாட்சியின் ஆதரவு வாயளவிலேயே நிற்கும்.

இதற்குத் தீர்வு நம் பழைய சட்டத்திலேயே உண்டு. 1958-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டு ஊராட்சிச் சட்டத்தின்கீழ், ஊராட்சி வசூலிக்கும் வீட்டு வரிக்கு இணையான தொகையை அரசு மானியமாக வழங்கும் முறை இருந்தது. அவ்வாறே, காற்றின் பொருட்டு ஊராட்சி கழித்துவிடும் வரிக்கு இணையான தொகையை அரசு ஈடுசெய்தல் வேண்டும். பசுமை வரியும் நிலக்கரி மீதான வரியும் மாசின் பெயரால் வரும் வருவாய்கள். அவற்றின் ஒரு கூறு மாசைச் சுவாசிக்கும் ஊருக்குத் திரும்புதல் நீதியேயாகும்.

மூன்று படிப்பினைகள்

சலுகை கொடுத்துவிட்டால் மட்டும் காற்று தூய்மையாகிவிடுமா? முன் நடந்தவை நமக்குப் பாடமாக உள்ளன.

முதற்பாடம், சலுகை செலவை ஈடுகட்டத்தக்க அளவில் இருத்தல் வேண்டும். 1977-ஆம் ஆண்டு நீர்த் தீர்வைச் சட்டம் ஆலைகள்மீதும் உள்ளாட்சிகள்மீதும் தீர்வை விதித்து, கழிவுநீரைச் சுத்திகரிப்போர்க்குத் தள்ளுபடி தந்தது. தீர்வையே ஆயிரம் லிட்டருக்குச் சில காசுகள் என்ற அளவில் இருந்தமையால், தள்ளுபடியை எண்ணிச் சுத்திகரிப்பு நிலையம் கட்ட எவர்க்கும் ஊக்கம் பிறக்கவில்லை. 2017-இல் அத்தீர்வையே நீக்கப்பட்டது. சிற்றூரின் வீட்டு வரியும் சிறு தொகையே. அதில் 5 விழுக்காடு கழிப்பது பாராட்டாக அமையுமேயன்றி அடுப்பை மாற்றும் செலவுக்கு ஆகாது.

இரண்டாம் பாடம், அளவீடு வேண்டும். சூரத் நகரில் குசராத் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2019-இல் துகள் மாசுக்குச் சந்தை முறை ஒன்றைத் தொடங்கியது. பெரும்பாலும் துணி ஆலைகளாகிய முந்நூற்றுக்கு மேற்பட்ட ஆலைகளின் புகைபோக்கிகளில் இடைவிடாது அளக்கும் கருவிகள் பொருத்தப்பட்டன. அனுமதித்த அளவுக்குக் குறைவாகப் புகைவிட்டவர் மிச்சத்தை விற்றுப் பொருள் ஈட்டினார். மிகுதியாகப் புகைவிட்டவர் அதனை வாங்க நேர்ந்தது. இம்முறையில் சேர்ந்த ஆலைகளின் துகள் மாசு 20 முதல் 30 விழுக்காடு வரை குறைந்ததாக ஆய்வாளர்கள் கண்டனர். அளவின்றித் தரும் சலுகை, சான்றிதழ் வாங்கும் திறமைக்குத் தரும் பரிசாகவே முடியும்.

மூன்றாம் பாடம், வாங்கியது திரும்புதல் வேண்டும். சுவீடன் நாடு 1992-இல் பெரிய கொதிகலன்கள் வெளியிடும் நைட்ரஜன் ஆக்சைடு கிலோ ஒன்றுக்கு 40 குரோனர் கட்டணம் விதித்தது. அத்தொகையை அரசு தனக்கென வைத்துக்கொள்ளாமல், ஆலைகள் உண்டாக்கிய ஆற்றலின் அளவுக்கேற்ப அவற்றுக்கே பகிர்ந்தளித்தது. குறைவாக மாசு செய்தவர் கட்டியதைவிட மிகுதியாகப் பெற்றார். மிகுதியாக மாசு செய்தவர் இழந்தார். அடுத்த பதினைந்து ஆண்டுகளில் ஆற்றல் அலகு ஒன்றுக்கு வெளியான மாசு ஏறத்தாழப் பாதியாயிற்று. வரி தம்மிடமே திரும்புவதைக் கண்டமையால் தொழில் முனைவோரின் எதிர்ப்பும் தணிந்தது.

திருவாதவூரில் செய்யத்தக்கவை

இப்பாடங்களைத் திருவாதவூர் போன்ற ஊர்க்குப் பொருத்திப் பார்ப்போம். பெரியாற்று நீர் பாயும் நெல்வயல்களும் கண்மாய்களும் சூழ்ந்த மேலூர் வட்டாரத்தில், கல்லுடைக்கும் தொழிலும் சூளையும் அரிசி ஆலையும் அவற்றுக்கு வந்துபோகும் சரக்குந்துகளும் தூசிக்கும் புகைக்கும் காரணமாகின்றன. அறுவடை இயந்திரம் விட்டுச் செல்லும் தாளைச் சிலர் கொளுத்துகின்றனர். போகியன்று டயரை எரிக்கும் வழக்கமும் முற்றும் ஒழிந்தபாடில்லை.

ஆதலின் சலுகை முதலில் தொழிற்கூடங்களுக்குச் செல்லுதல் வேண்டும். செங்கற்களை வளைந்து வளைந்து காற்று செல்லுமாறு அடுக்கும் சூளை முறைக்கு மாறவேண்டும் என ஒன்றிய அரசு 2022 பிப்ரவரியில் ஆணையிட்டது. இம்முறையில் எரிபொருள் நன்கு எரிந்து, புகையும் நிலக்கரிச் செலவும் ஒருங்கே குறைகின்றன. மாறியவர்க்குச் சில ஆண்டுகள் ஊராட்சி வரியிலும் உரிமக் கட்டணத்திலும் கழிவு தந்து, மாறாதவர்க்குக் கட்டணத்தை உயர்த்தினால், ஊராட்சியின் வருவாயும் குறையாது. சூளைத் தொழிலாளரின் பிழைப்பும் கெடாது. விறகடுப்பை விட்டு எரிவாயுவுக்கு மாறும் உணவுக் கடைக்கும், உமிச்சாம்பல் பறவாமல் தடுக்கும் அரிசி ஆலைக்கும் இவ்வாறே செய்யலாம்.

வீடுகளுக்குத் தனித்தனியே சில ரூபாய் கழிப்பதைவிட, குப்பையைத் தரம்பிரித்துத் தூய்மைக் காவலரிடம் கொடுத்து, ஓராண்டு முழுதும் கொளுத்தாதிருந்த தெருவுக்கு அத்தொகையைத் திரட்டி மரக்கன்றோ விளக்கோ அமைத்துத் தருவது மேலும் பயன் தரும். அண்டை வீட்டார் ஒருவரையொருவர் நினைவூட்டிக் கொள்ளும் நல்வழக்கமும் அதனால் வளரும். இவற்றுக்கெல்லாம் முன்பாக, ஊராட்சி தானே குப்பையைக் கொளுத்தாதிருத்தல் வேண்டும். தான் செய்யாததைப் பிறர்க்கு விதித்தல் அறமன்று.

சட்டத்தைத் திருத்தும் அதிகாரம் சென்னையில் இருக்க, சிற்றூர் என்ன செய்யக்கூடும் என்று சிலர் வினவலாம். அதற்கு மேலூர் வட்டமே விடை தந்துள்ளது. அரிட்டாபட்டி 2022-இல் தமிழ்நாட்டின் முதலாவது பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அதனை உள்ளடக்கிய நாயக்கர்பட்டிப் பகுதியில் டங்ஸ்டன் சுரங்கம் அமைக்க 2024 நவம்பரில் ஏலம் முடிவானபோது, சுற்றுப்புற ஊர்களின் கிராம சபைகள் எதிர்த்துத் தீர்மானம் இயற்றின. டிசம்பர் 9 அன்று சட்டமன்றமும் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு அந்த ஏலத்தை விலக்கிக்கொண்டது. வேண்டாததை மறுக்கக் கிராம சபையின் குரல் பயன்பட்டது. வேண்டுவதைக் கேட்கவும் அக்குரல் பயன்படலாமன்றோ? காற்றின் பொருட்டுத் தரும் வரிக்கழிவை ஈடுசெய்யும் மானியமும், காற்றை அளக்கும் கருவியும் வேண்டும் என ஒவ்வோர் ஊராட்சியும் தீர்மானம் இயற்றி அனுப்புமாயின், அது புறக்கணிக்கத்தக்க குரலாக இராது.

நிறைவுரை

நாம் இதுகாறும் கண்டவற்றைத் தொகுத்து நோக்குவோம். வரிச் சலுகை காற்றைக் காக்கும் நல்ல கருவி. இன்று அது மேலிருந்து வருகிறது. வாங்க வல்லார்க்கே செல்கிறது. அதனைப் புகையின் அருகில் வாழ்வோர்க்குக் கொண்டுசெல்ல உள்ளாட்சியால் இயலும். ஆனால் அச்சலுகையின் சுமையை ஊராட்சி தனியே தாங்குமாறு விடுதல் கூடாது. போதிய அளவு, நேர்மையான அளவீடு, அரசின் ஈடு ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்தால்தான் உள்ளாட்சியின் ஆதரவு சொல்லிலிருந்து செயலாகும்.

வழியில் கிடக்கும் முள்ளையும் கல்லையும் அகற்றுதல் அறச்செயல் என்று நமக்குக் கற்பிக்கப்பட்டுள்ளது. மூச்சு செல்லும் வழியில் கிடக்கும் புகையை அகற்றுதல் அதனினும் சிறந்த அறமாகும். மாணவர்கள் தத்தம் ஊர்க் கிராம சபைக்குச் செல்லுதல் வேண்டும். ஊராட்சியின் வரவு செலவுக் கணக்கைக் கேட்டுப் படித்தல் வேண்டும். பெரியோர்கள் அவர்கட்குத் துணை நிற்றல் வேண்டும். புகைக்கும் ஒரு கணக்கு உண்டு என்பதை அக்கணக்கேட்டில் எழுதச் செய்வதே நம் தலைமுறையின் கடமையாகும்.